மலைத்தடத்துக்கு எத்தனை சிசி போதும்?

மலையில் ஓட்ட வண்டி வாங்கப்போகிறேன், எத்தனை சிசி எடுக்கலாம் என்று கேட்கிறவர்களில் பாதிப்பேர் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். ஏற்றம் என்றால் சக்தி வேண்டும், சக்தி என்றால் பெரிய எஞ்சின் வேண்டும், அப்புறம் 400-க்குக் கீழே எதற்குப் பார்ப்பது? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தார் போட்ட மலைச்சாலைக்கு, அதுவும் பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு, அது சரியும்கூட. நான் இங்கே பேசுவது ஒற்றையடித் தடத்தைப் பற்றி. உருளும் கல், குறுக்கே ஓடும் வேர், மழை அறுத்துப்போட்ட பள்ளம், ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு, வண்டியைத் திருப்பக்கூட இடமில்லாத கொண்டை ஊசி வளைவு. அங்கே கணக்கே வேறு.

என் கட்சி இதுதான்: அந்தத் தடத்தில் நீங்கள் மிக மெதுவாகப் போகிற இடம் எதுவோ, அதற்கு ஏற்ற எஞ்சினை எடுங்கள். வேகமாகப் போகிற இடத்தை எந்த எஞ்சினும் சமாளித்துவிடும். பாதி ஏற்றத்தில் வண்டி ஆஃப் ஆகி நிற்கிறது, ஒரு கால்தான் தரையில் எட்டுகிறது, அந்தக் கால் வைத்த இடமும் பொடிக்கல், முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் பின்னோக்கிச் சறுக்குகிறது, இந்த நிலையில் செல்ஃபைத் தட்டிக் கிளப்பி, கிளட்சை விட்டு, ஒரு முழம் முன்னால் நகர்ந்தாக வேண்டும். மலைத்தடத்தில் வண்டி ஓட்டுகிறவர் களைத்துப்போவது இந்த மாதிரி அரை நிமிடங்களில்தான். சிசி பற்றிய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், பள்ளிக்கூடக் கணக்குதான். வண்டி 140 கிலோ, ஓட்டுகிறவர் 70 கிலோ, மொத்தம் 210. நூறு மீட்டர் முன்னால் போனால் முப்பது மீட்டர் மேலே ஏறுகிற சரிவு. மேப்பில் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும், கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் வயிற்றைக் கலக்கும். இதில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஆகிற செலவு மூன்று சொச்சம் குதிரைத்திறன். டயர் சறுக்குவது, மண்ணில் புதைவது, கல் மேல் ஏறி விழுவது எல்லாவற்றையும் சேர்த்து 5 என்று வைத்துக்கொள்ளலாம். வெறும் ஐந்து. தினமும் வேலைக்குப் போய்வருகிற 125 சிசி வண்டியில்கூட பத்துக்கு மேல் இருக்கிறதே, அப்புறம் அது ஏன் ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது?

ஏனென்றால் அந்தப் பத்துக் குதிரைத்திறன் கிடைப்பது 7000, 8000 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு அத்தனை முறை சுற்றும்போது. முதல் கியரில் பொடிக்கல் மீது ஊர்ந்து போகும்போது எஞ்சின் சுற்றுவது 3000 பக்கம். அந்த இடத்தில் 125 ஃபோர் ஸ்ட்ரோக் தருகிற டார்க் (சுழற்றும் விசை) ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால், குதிரைத்திறன் மூன்றரையைத் தொடாது. 250-ல் 18 நியூட்டன் மீட்டர் என்று வைத்தால் ஏழரை வரும். 300-ல் 21 என்றால் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. இவை தோராயமான எண்கள்தான், மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் படம் புரிகிறதல்லவா? தேவை 5. 125 அதைத் தர வேண்டுமானால் த்ராட்டிலை முறுக்கிப் பிடித்து, ஹாஃப் கிளட்சில் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டலாம், நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கிளட்ச் பிளேட்டும் இடது கை விரல்களும் ஒரே நேரத்தில் தேயும். 250 அதைத் தூங்கிக்கொண்டே தருகிறது.

இது கடல்மட்டக் கணக்கு. மலை என்பதால் உயரத்தையும் சேர்க்க வேண்டும்.

எஞ்சின் காற்றைக் குடித்துத்தான் ஓடுகிறது, மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. 2000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 82 சதவீதம், 3000-ல் 74, 4000-ல் 67, 5000-ல் 60. காற்றை அழுத்தித் திணிக்கிற டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் ஏறத்தாழ இதே வரிசையில் இறங்கும். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போச்சு என்று மனதில் வைத்துக்கொண்டால் பெரிய தப்பு வராது. இன்னொரு மாதிரி சொன்னால், 3000 மீட்டரில் உங்கள் 300 சிசி வண்டி ஒரு 220 மாதிரி இழுக்கும், 250 வண்டி 185 மாதிரி. மேலே போட்ட கணக்கை 4000 மீட்டருக்கு எடுத்துப் போனால் 125-ன் மூன்றரை இரண்டே காலாகிவிடும், 300-ன் ஒன்பது ஆறாகும், 250 ஐந்தில் வந்து நிற்கும். அதாவது 250 அங்கே சரியாக விளிம்பில் நிற்கிறது. மிக உயரமான கணவாய்ப் பக்கம் ஓட்டிவிட்டு வந்தவர்கள் 250 பற்றி இரண்டு விதமாகப் பேசுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மெலிந்த ஆள் வந்து போதும் என்பார், கனத்த ஆள் வந்து செத்துப்போச்சு என்பார், இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.

ஆள் எடையை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை, அது ஒரு வேடிக்கை. வண்டியில் மூன்று கிலோ குறைக்க சைலன்சரை மாற்றுகிறார்கள். அறுபது கிலோ ஆளும் தொண்ணூறு கிலோ ஆளும் ஒரே வண்டியில் ஏறினால் மொத்த எடையில் 15 சதவீதம் வித்தியாசம், அது ஒன்றரை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சமமான இழப்பு. தொண்ணூறைத் தாண்டியவர் 250-க்குப் பதில் 300 எடுப்பதில் தப்பே இல்லை.

சரி, உயரத்தில் சக்தி குறைகிறது, அப்படியானால் ஒரேயடியாக 450-க்குப் போய்விடலாமே, 4000 மீட்டரில் அது 300 மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு வாதம் வரும். அங்கேதான் எல்லோரும் மறக்கிற ஒன்று இருக்கிறது. மெலிந்த காற்றை எஞ்சின் மட்டும் குடிப்பதில்லை, நீங்களும்தான் குடிக்கிறீர்கள். 4000 மீட்டரில் ஷூ லேஸைக் குனிந்து கட்டினாலே மூச்சு வாங்கும். அந்த நிலையில் சரிவுப் பக்கமாக, தலை கீழே சக்கரம் மேலே என்று கிடக்கிற வண்டியைத் தூக்க வேண்டும். ஒரு முறை இல்லை, ஒரே நாளில் பல முறை. முதல் முறை முதுகை நேராக வைத்து, முழங்காலை மடக்கி, ஹேண்டில்பாரை முழுக்கத் திருப்பிப் பிடித்து, சொல்லிக்கொடுத்தபடி அழகாகத் தூக்குவீர்கள். போகப்போக வண்டி கிடக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். எஞ்சின் இழந்த சக்தியை சிசியால் ஈடுகட்டலாம், உங்கள் உடம்பு இழந்ததற்கு எடை குறைவதைத் தவிர வேறு ஈடு கிடையாது. ஆக, உயரம் ஒரு கையால் உங்களைப் பெரிய எஞ்சினை நோக்கித் தள்ளுகிறது, மறு கையால் சின்ன வண்டியை நோக்கி இழுக்கிறது. நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் விஷயம்.

என் பதில் 250 முதல் 300 வரை, ஃபோர் ஸ்ட்ரோக், 140 கிலோ பக்கம். ஒரே ஒரு வண்டிதான் வைத்துக்கொள்ள முடியும், வீட்டிலிருந்து தடம் வரை அதையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், தடத்தில் விழவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும் என்கிற ஆளுக்கு இதைத் தாண்டி யோசிக்கக் காரணமே இல்லை.

ஆனால் இங்கேயும் சிசி எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. யமஹாவிலேயே இரண்டு 250-களைப் பாருங்கள். செரோ 250-ன் போர் (சிலிண்டரின் விட்டம்) 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற நீளம்) 58. டபிள்யூஆர்250ஆர்-ன் போர் 77, ஸ்ட்ரோக் 53.6. கொள்ளளவு கிட்டத்தட்ட சரிசமம், இரண்டும் ஒற்றை சிலிண்டர். ஓட்டிப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றே சொல்ல முடியாது. டபிள்யூஆர் மேலே சுற்றச் சுற்றத்தான் விழித்துக்கொள்ளும், 30 குதிரைத்திறன் வரை போகும், சீட் உயரமும் 930 மில்லிமீட்டர். செரோ 20 குதிரைத்திறன் மட்டத்தில் நின்றுவிடும், ஆனால் நடந்து போகிற வேகத்தில் த்ராட்டிலைத் தொட்டாலே டக் டக் என்று இழுத்துக்கொண்டு போகும், சீட் 830 மில்லிமீட்டர்தான், இரண்டு காலும் தரையில் எட்டும். 1985-ல் 225 சிசியாக வந்த செரோவை யமஹா மலைத்தடத்துக்கென்றே செய்தது, ஏற முடியாத இடத்தில் இரண்டு காலையும் ஊன்றித் தத்தித்தத்தி ஏறலாம் என்பதே அதன் யோசனை. 2020-ல் நிறுத்திவிட்டார்கள். நேர்ரோட்டில் லாரியை ஓவர்டேக் செய்ய நினைத்தால் அழுகைதான் வரும், ஆனால் மேலே சொன்ன அந்த அரை நிமிடத்துக்கு அதைவிட ஒத்தாசையான எஞ்சின் குறைவு.

ஹோண்டா செய்ததும் இதே வழியில்தான். சிஆர்எஃப்250எல்-ஐ 2021 மாடலில் சிஆர்எஃப்300எல் ஆக்கியபோது போரைத் தொடவில்லை, 76 மில்லிமீட்டர் அப்படியே இருந்தது. ஸ்ட்ரோக்கை 55-லிருந்து 63-க்கு நீட்டினார்கள், 250 சிசி 286 ஆனது, டார்க் 22.6-லிருந்து 26.6 நியூட்டன் மீட்டரானது, எடை 142 கிலோவாகக் குறைந்தது. பேரில் ஐம்பது கூடியதே தவிர நிஜத்தில் கூடியது 36 சிசிதான், ஆனால் அந்த 36 சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆகவே வண்டியின் விவரப் பட்டியலைப் பார்க்கும்போது குதிரைத்திறன் வரியைத் தாண்டிப் போய், டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் உச்சத்துக்கு வருகிறது, ஸ்ட்ரோக் எவ்வளவு, முதல் கியர் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். முடிந்தால் கேட்டலாக்கை மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அது இன்னும் உத்தமம்.

இனி டூ ஸ்ட்ரோக். இதைப் பேசாமல் மலைத்தடம் பற்றி எழுதினால் பாதி ஊர் சண்டைக்கு வரும், வரட்டும், அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஆஸ்திரியாவில் இரும்புத்தாது வெட்டுகிற மலையில் 1995 முதல் எர்ஸ்பெர்க் ரோடியோ என்று ஒரு போட்டி நடக்கிறது. தகுதிச் சுற்றில் தேறுகிற 500 பேர் மலை அடிவாரத்தில் வரிசையாகக் கிளம்புவார்கள், நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், முடிப்பவர்கள் பல வருடங்களில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அங்கே முன்வரிசையில் பெரும்பாலும் தெரிவது 300 சிசி டூ ஸ்ட்ரோக். 2019-ல் 44 வயதில் வென்ற க்ரஹாம் ஜார்விஸ் ஓட்டியது ஹஸ்க்வர்னா 300 டூ ஸ்ட்ரோக். வேண்டுமென்றால் 450 எடுத்துக்கொள்ளக் கூடியவர்கள்தான் அவர்கள் எல்லோரும். எடுப்பதில்லை.

காரணம் எளிது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒரு வெடிப்பு, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால் அதே கொள்ளளவில் கூடுதல் இழுவை. வால்வு, கேம்ஷாஃப்ட் என்று எஞ்சின் தலையில் பாரம் கிடையாது, வண்டி பெட்ரோல் இல்லாமல் நூறு கிலோவைச் சற்றே தாண்டும். விழுந்தால் தூக்கிவிடலாம், குப்புறக் கிடந்தால்கூட நிமிர்த்தித் தட்டினால் கிளம்பிவிடும். 300 டூ ஸ்ட்ரோக் என்றதும் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பறக்கும் என்று ஒரு பயம் பலருக்கு. 125 டூ ஸ்ட்ரோக்தான் அப்படி, குறைந்த ஆர்பிஎம்மில் ஒன்றுமே இல்லாமல் திடீரென்று கத்திக்கொண்டு கிளம்பும். 300 கீழேயே சாதுவாக இழுக்கும், கையை முறுக்காத வரை. சின்னதில் ஆரம்பித்துப் பெரியதற்குப் போகலாம் என்று டூ ஸ்ட்ரோக் உலகத்தில் 125 வாங்குகிற புதியவர் கஷ்டமான பாதையில் ஆரம்பிக்கிறார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இடைஞ்சல்கள் இல்லாமல் இல்லை. இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங், அதாவது த்ராட்டிலை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்வது, கிட்டத்தட்ட பூஜ்யம்; நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்தான், விரலும் டிஸ்க்கும் சூடேறும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டி என்றால் த்ராட்டிலை மூடிக்கொண்டே நெடுநேரம் இறங்கும்போது எஞ்சினுக்கு ஆயிலும் போகாது, நடுநடுவே கிளட்சைப் பிடித்து த்ராட்டிலை ஒரு முறுக்கு முறுக்கிவிட வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் உயரம் மாறினால் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற ஜெட்டை மாற்ற வேண்டும், காற்று குறைந்து பெட்ரோல் அதிகமாகி, புகை கக்கி, பிளக் கறுத்துவிடும். 2017-ல் கேடிஎம் 250, 300 எண்டூரோ (காட்டுத்தடப் போட்டி) வண்டிகளில் டூ ஸ்ட்ரோக்குக்கே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கொண்டுவந்த பிறகு இந்தத் தலைவலி பெருமளவு தீர்ந்தது. (இன்ஜெக்‌ஷன் இருந்தால் உயரத்தில் சக்தி குறையாது என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். குறையத்தான் செய்யும். கலவை கெடாது, அவ்வளவுதான்.) எல்லாவற்றுக்கும் மேல், இவை போட்டி வண்டிகள், சர்வீஸை மணிக்கணக்கில் எண்ணுபவை. சில பத்து மணி நேரத்துக்குள் ஆயில், அப்புறம் பிஸ்டன் என்று போகும். சீட்டும் உயரம். வண்டியை ட்ரெய்லரிலோ வேனிலோ ஏற்றித் தடத்துக்குக் கொண்டுபோய், ஸ்பேனரையும் ரசித்துப் பிடிக்கிற ஆள் நீங்கள் என்றால் தாராளமாக எடுங்கள். இல்லையென்றால் வண்டி ஓடுகிற நேரத்தைவிட ஸ்டாண்டில் நிற்கிற நேரம்தான் அதிகமாக இருக்கும்.

இப்போது 450-க்கு வருவோம். இந்த எண் டக்கார் ராலியால் புகழ்பெற்றது, 2011 முதல் அங்கே பைக்குகளுக்கு 450 சிசிதான் உச்சவரம்பு. டக்கார் ஓடுவது பாலைவனத்தில், திறந்த வெளியில், மூன்று இலக்க வேகத்தில். ஒற்றையடித் தடத்தில் மணிக்கு 15 கிலோமீட்டரில் 450 எண்டூரோவை ஓட்டிப் பாருங்கள். ஐம்பது குதிரைத்திறன் பக்கம் வைத்துக்கொண்டு அதில் ஐந்தைக் கேட்டு வாங்குவது இருக்கிறதே, அதுதான் உண்மையான வேலை. கை ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகத் திரும்பினால் பின்சக்கரம் சுற்றிக் குழி தோண்டும், குறைந்தால் ஆஃப் ஆகிவிடும். பெரிய பிஸ்டனும் கிராங்கும் இயங்கும் வேகத்தில் வண்டி தராசில் காட்டுவதைவிடக் கனமாகத் தெரியும், வளைவில் சாய்க்க அழுத்த வேண்டியிருக்கும். காற்று அடிக்காத வேகத்தில் ரேடியேட்டர் கொதிக்கும், ஃபேன் இல்லாத வண்டி என்றால் நின்று ஆறவிட்டுத்தான் போக வேண்டும். அகன்ற மண்சாலை, மரமில்லாத மேட்டுநிலம், நீளமான மணல் ஏற்றம் என்று உங்கள் மலை இருந்தால் 450 சொர்க்கம். காட்டுத் தடத்தில் அது தண்டனை. நடுவே 350 ஃபோர் ஸ்ட்ரோக் எண்டூரோ என்று ஒன்று இருக்கிறது, 450-ன் இழுவையில் பெரும்பகுதியைத் தந்து 250-ன் இலகுவில் பெரும்பகுதியை வைத்திருக்கும். போட்டி வண்டிதான் வேண்டும், டூ ஸ்ட்ரோக் வேண்டாம் என்பவர் அங்கே பார்க்கலாம்.

அப்புறம் அட்வெஞ்சர் வகை, சாலைக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்த கனமான பயண வண்டிகள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பழையது 411 சிசி, 199 கிலோ. புதியது 452 சிசி, 40 குதிரைத்திறன், 196 கிலோ. பேரிலேயே மலை இருக்கிறது, மலைச்சாலைக்கு அருமையான வண்டியும்தான். பழைய 411-ல் ஸ்ட்ரோக் 86 மில்லிமீட்டர், கீழே இழுக்கிற குணத்தில் எஞ்சினைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் இருநூறு கிலோ வண்டி சரிவில் கவிழ்ந்தால் அது இருவர் வேலை. தனியாகப் போகிறவர் இதை எடுத்துக்கொண்டு ஒற்றையடித் தடத்தில் நுழைகிறார் என்றால் அவருடைய முதுகுக்காக நான் கவலைப்படுவேன். சாலை எண்பது பங்கு, தடம் இருபது பங்கு என்றால் இந்த வகை. தலைகீழாக இருந்தால் வேண்டாம். 650 ஒற்றை சிலிண்டர்களைப் பற்றியும் இதையேதான் சொல்வேன், நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

கீழ்ப்பக்கத்தில், 150 முதல் 200 வரை? யாரும் சிபாரிசு செய்வதில்லை, காரணம் பெருமை தவிர வேறொன்றும் இல்லை. 1500, 2000 மீட்டருக்குள் இருக்கிற மலை, அறுபது கிலோ ஆள், பழகுகிற பருவம் என்றால் 200 சிசி தாராளம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 மாதிரி வண்டியில் பழகுகிறவர் கிளட்சையும் உடம்பின் எடையையும் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறார், ஏனென்றால் வேறு வழியில்லை. அவர் பிறகு 300-ல் ஏறும்போது, 450-ல் ஆரம்பித்தவரைவிட நன்றாக ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிசியை மாற்றுவதற்கு முன்னால் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடுகிற பல்சக்கரத்தை) மாற்றிப் பாருங்கள் என்பதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கேட்கிறவர் குறைவு. முன்னால் 14 பல், பின்னால் 40 பல் இருக்கிற வண்டி. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 13 போட்டால் எல்லாக் கியரிலும் பின்சக்கரத்துக்குப் போகிற இழுவை ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். பின்னால் மாற்றுவதென்றால் மூன்று பல் கூட்ட வேண்டும், 43, அதே பலன்தான். எட்டு சதவீதம் என்றால் 250 வண்டி 270 ஆன மாதிரி, ஏற்றத்தில் நன்றாகவே தெரியும். முதல் கியரில் இன்னும் மெதுவாக ஊரலாம், கிளட்சைத் தொடுவது பாதியாகக் குறையும். விலை என்று பார்த்தால் வண்டி மாற்றுகிற காசோடு ஒப்பிடவே வேண்டாம். நஷ்டம்? நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகக் கத்தும், டாப் ஸ்பீடு குறையும். முன் ஸ்ப்ராக்கெட் ரொம்பச் சின்னதானால் செயின் இறுக்கமாக மடங்கி, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங்ஆர்மில் உரசித் தேயும், அதனால் அந்தப் பக்கம் ஒன்றுக்கு மேல் குறைக்காதீர்கள். மண்ணைக் கவ்வுகிற குமிழ் வைத்த பட்டன் டயரும் சரியான காற்றும் இதோடு சேர்ந்தால், சக்தி போதவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் புலம்பலை நிறுத்திவிடுவார்கள். அவர்களுடைய வண்டியில் சக்தி இருந்தது, தரையில் இறங்கவில்லை.

இறக்கத்தையும் கவனியுங்கள், ஏறினவர் இறங்கத்தானே வேண்டும். நடுத்தர ஃபோர் ஸ்ட்ரோக்கில் இங்கே ஒரு ரகசிய லாபம்: முதல் கியரில் போட்டு த்ராட்டிலை விட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பின் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். பெரிய 450-ல் இந்தப் பிடி அளவுக்கு மீறிப்போய், தளர்ந்த மண்ணில் பின்சக்கரத்தையே நிறுத்திச் சறுக்கவைக்கும், கிளட்சைப் பிடித்து விடுவித்துச் சமாளிக்க வேண்டும். 300 ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த அளவு கச்சிதமாக இருக்கிறது. எனக்கு அந்த வகை பிடிப்பதற்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய காரணம் என்றுகூடச் சொல்வேன்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால், நேர்ரோட்டில் போய் எத்தனை வேகம் தொடுகிறது என்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். மண் ஏற்றம் ஒன்றைத் தேடுங்கள். பாதியில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, பின் பிரேக்கிலும் கிளட்சிலும் மட்டும் பிடித்துக்கொண்டு மறுபடி கிளப்பி நகர முடிகிறதா என்று பாருங்கள், கால் எட்டுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை மெதுவாகத் தரையில் சாய்த்துப் படுக்கவைத்து, நீங்களே தனியாகத் தூக்குங்கள். ஒரு தடவை இல்லை, மூச்சு வாங்குகிற வரை, இரண்டு பக்கமும். புது வண்டி விற்கிறவர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் இந்தச் சோதனையைப் பழைய வண்டியில் செய்யுங்கள், அதில் கீறல் ஏற்கெனவே இருக்கும், பேரம் பேசவும் வசதி.